பரவியதா, பரப்பினோமா?



சென்ற மழைக்காலத்தில், நமது ஞாயிறு வகுப்பிற்குத் தவறாமல் வந்துகொண்டிருந்த பதினேழு வயதுப் பெண்ணொருத்தி திடீரென வருவதை நிறுத்திவிட்டாள். காய்ச்சலாயிருக்கும் என எண்ணி இரண்டு வாரம் வாளாவிருந்தோம். மூன்றாம் வாரம் அவள் தாயார் நம்மைத் தேடி வந்தார். உள்ளே வந்து அமருமாறு சொல்லியும் கேளாமல் வாயிற்படியிலேயே நின்றுகொண்டு, "ஐயா, ட்ரோல் என்றால் என்ன பொருள்?" என்று கேட்டார்.

நமக்கு விடை தெரியவில்லை. அந்தச் சொல்லை நாமும் பன்முறை கேட்டிருக்கிறோம். இளைஞர் வாயிலிருந்து அது உதிரும்போதெல்லாம் நாமும் தலையசைத்திருக்கிறோம். பொருள் தெரியாத சொல்லுக்குத் தலையசைப்பது எத்துணைப் பிழை என்பது அன்றுதான் நமக்கு உறைத்தது.

நடந்தது இதுதான். தெருவில் நடந்த ஒரு விழாவில் அப்பெண் மேடையேறி ஒரு கட்டுரையைப் படித்தாள். ஓரிடத்தில் நா தடுமாறிற்று. அதை ஒருவன் கைப்பேசியில் படம் பிடித்து வைத்திருந்தான். தடுமாறிய அந்த இரண்டு விநாடியை மட்டும் வெட்டி எடுத்து, கழுதை கத்தும் ஓசையைச் சேர்த்து, கீழே அவளது நிறத்தைப் பற்றியும், தெருக் கூட்டும் அவள் தந்தையின் தொழிலைப் பற்றியும் சில சொற்களை எழுதி, ஆறு இளைஞர் சேர்ந்து மூன்று வாட்ஸப் குழுக்களில் விட்டனர். "தயவுசெய்து எடுத்துவிடுங்கள், அண்ணா" என்று அவள் அவர்களுக்கு எழுதினாள். அந்த வேண்டுகோளையும் படம் எடுத்து அதே குழுக்களில் போட்டார்கள்.

ஆறு பேரும் நமக்குத் தெரிந்தவர்களே. இருவர் நம்மிடம் எழுத்துக் கூட்டிப் படித்தவர்கள். அழைத்துக் கேட்டோம். "சும்மா கலாய்ச்சோம் ஐயா. ட்ரோல்தான். வேறொன்றுமில்லை" என்றார்கள். அவர்கள் முகத்தில் கள்ளம் இல்லை. பொய் சொல்லுகிறவன் முகத்தை நாம் அறிவோம். அது அப்படிப்பட்ட முகமன்று. தாம் செய்தது அந்தச் சொல்லின் அளவே உள்ள காரியம் என்று அவர்கள் மெய்யாகவே நம்பினார்கள். ஒரு சொல் ஒருவனுடைய மனச்சான்றை இவ்வளவு எளிதில் உறங்க வைக்குமாயின், அந்தச் சொல்லை விசாரிக்க வேண்டியது கடமையாகிறது. ஆதலின் இக்கட்டுரை. நாம் பள்ளியிறுதி காணாதவர். பழைய புத்தகக் கடை அகராதிகளும், நம்மைவிட வயதில் இளையோர் சொல்லிக் கொடுத்தவையுமே நம் கல்வி. பிழையிருப்பின் பொறுத்தருள்க.

ட்ரோல் என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டு வேர் காட்டுகிறார்கள். ஒன்று மீன்பிடித் தொழிலைச் சார்ந்தது. தூண்டிலில் இரையைக் கோத்து, ஓடும் படகின் பின்னே நீரில் இழுத்துக்கொண்டே போவதற்கு அப்பெயர். கணினிவழி உரையாடல் தோன்றிய தொடக்க நாள்களில், வேண்டுமென்றே ஒரு பொய்யையோ சீண்டலையோ எறிந்து, யார் கடிக்கிறார்கள் என்று பார்த்திருப்பவனை இச்சொல்லால் சுட்டினார்கள். மற்றொன்று வடஐரோப்பிய நாட்டுக் கதைகளில் வரும் பூதத்தின் பெயர். இருட்டில் பதுங்கியிருந்து வழிப்போக்கரை மிரட்டுவது அதன் தொழில். இரண்டில் எதுவாயினும், ஆங்கிலம் பேசுவோர் அந்தச் சொல்லில் ஓர் இரையையோ ஒரு பூதத்தையோ விட்டுவைத்திருக்கிறார்கள். கேட்டவுடன் தீங்கின் வாடை சிறிதேனும் வரும். அது நம் ஊருக்கு வந்து சேர்ந்தபோது இரையும் இல்லை, பூதமும் இல்லை. வெறும் ஓசை மட்டும் வந்தது. அந்தக் காலிப் பாத்திரத்தில் நாம் 'கலாய்த்தல்' என்ற நம்முடைய சிரிப்பை ஊற்றிவிட்டோம்.

கலாய்த்தலும் ஓட்டுதலும் ஒத்த வயதினர்க்குள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நடப்பவை. இன்று நீ என்னை, நாளை நான் உன்னை. ஒருவன் முகம் வாடினால் மற்றவன் தோளில் கை போட்டு நிறுத்திவிடுவான். அதில் குற்றமொன்றும் நாம் காணவில்லை. ஆறு பேர் ஒரு பெண்ணை, அவள் இல்லாத இடத்தில், நூற்றுக்கணக்கானோர் முன்னிலையில், நிறுத்தச் சொன்ன பிறகும் செய்வதற்கும் அதே பெயரா? இங்கேதான் பெயர் பிழைக்கிறது.

இதைப் பிறர் குற்றமாக மட்டும் எழுத நமக்கு உரிமையில்லை. நாம் பதினாறு ஆண்டுகள் நூற்பாலையில் வேலை பார்த்தவர். எந்திரங்களின் இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாது. கை சைகையும் உதட்டசைவுமே மொழி. 1993-ஆம் ஆண்டளவில் நம் வரிசையில் ஒரு தொழிலாளி சேர்ந்தார். திக்கிப் பேசுவார். எந்திரத்தில் அடிக்கடி அறுந்து போகும் இழையைக் கண்டு, அவருக்கு 'அறுந்த இழை' என்று பெயர் வைத்தது யார் தெரியுமா? நாமே. பெயர் வைத்ததோடு நில்லாமல், இரண்டு விரல்களைச் சேர்த்துப் பட்டென்று பிரிக்கும் ஒரு சைகையையும் கண்டுபிடித்தோம். ஒரு வாரத்திற்குள் அந்தச் சைகை ஆலை முழுவதும் போயிற்று. அவர் வரும்போதெல்லாம் நாற்பது கைகள் அதைச் செய்தன. அவரும் எங்களோடு சேர்ந்து சிரித்தார். பிறகு உணவுக்கூடத்திற்கு வருவதை நிறுத்தினார். பிறகு இரவு முறையை மட்டுமே கேட்டு வாங்கினார். பிறகு கணக்கைத் தீர்த்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு நாம் அதற்கு வைத்திருந்த சொல் 'தமாஷ்'.

இக்கட்டுரையை எழுத அமர்ந்தபோது அவருடைய சொந்தப் பெயரை நினைவுகூர முயன்றோம். மூன்று நாள் முயன்றும் வரவில்லை. நாம் சூட்டிய பெயர்தான் வருகிறது.

ஆயினும் அன்றைக்கும் இன்றைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஆலையின் சங்கு ஊதியதும் அவர் வாயிலைக் கடந்து தம் வீட்டிற்குப் போவார். அங்கே அவருக்கு அவருடைய பெயர் இருந்தது. மனைவியும் மக்களும் அந்தச் சைகையை அறியார். எங்கள் கொடுமைக்கு ஒரு சுற்றுச்சுவர் இருந்தது. இந்தப் பெண்ணுக்குச் சுற்றுச்சுவர் இல்லை. அவள் தலையணைக்கருகே கிடக்கும் கைப்பேசியிலேயே அந்தக் கழுதை கத்துகிறது. பள்ளித் தோழியர் கையிலும், அத்தை வீட்டிலும், அவள் கண்டிராத ஊரிலும் கத்துகிறது. இணையவழித் துன்புறுத்தல் என்ற நீண்ட தொடரை நாளிதழில் காணும்போது, பழைய ஏளனத்திற்குப் புதிய கருவி கிடைத்தது, அவ்வளவே என்று நாமும் முன்பு கருதியதுண்டு. அந்தக் கருத்தை இப்போது மாற்றிக்கொண்டோம். இரவு ஆனால் ஓய்வது ஏளனம். வீட்டுக்குள்ளும் ஓயாமல் தொடர்வதற்கு வேறு பெயர் தேவை.

பெயரை மாற்றினால் என்ன ஆகிவிடும் என்று சிலர் கேட்பர். நம் நாட்டிலேயே சான்று உண்டு. பெண்களைத் தெருவில் வழிமறித்துத் தொல்லை செய்வதை நெடுங்காலம் 'ஈவ் டீசிங்' என்று சொல்லி வந்தோம். ஈவ் என்பது கிறித்தவ வேதத்தில் வரும் முதற்பெண்; ஆணை ஆசை காட்டி வீழ்த்தியவள் என்பது அவள்மேல் சுமத்தப்பட்ட பழி. டீசிங் என்பது விளையாட்டுச் சீண்டல். ஆக, அந்தத் தொடரின் முற்பாதி குற்றத்தைப் பெண் மேல் வைத்தது, பிற்பாதி அதை விளையாட்டாக்கியது. 1998-இல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி இந்த 'விளையாட்டால்' உயிரிழந்தாள். அவ்வாண்டே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அந்தச் சட்டமும் முதலில் ஈவ் டீசிங் என்ற பெயரைத்தான் தாங்கி வந்தது. பின்னர்தான் பெண்களைத் துன்புறுத்துதலைத் தடுக்கும் சட்டம் என்று பெயர் மாற்றப்பட்டது. உயிர் போன பின்னும் சட்டத்தின் நெற்றியில் விளையாட்டு என்ற பொட்டு இருந்ததென்றால், சொல்லின் பிடி எத்தகையது என்று பாருங்கள்.

இனி, நம்மை மிகவும் சிந்திக்க வைத்த மற்றொரு சொல்லுக்கு வருவோம். அந்த ஆறு பேரில் மூத்தவன், "நாங்கள் ஒரு குழுவில்தான் போட்டோம் ஐயா, பிறகு அது தானாக வைரல் ஆகிவிட்டது" என்றான்.

வைரல் என்பது நோய்க்கிருமியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. காய்ச்சல் பரவுகிறது, அதற்கு யாரும் பொறுப்பில்லை, காற்று பரப்பிற்று, தண்ணீர் பரப்பிற்று. செய்தியும் அப்படித்தானா? நம் தமிழில் தன்வினை, பிறவினை என்று சிறு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். பரவுதல் தன்வினை, பரப்புதல் பிறவினை. திருந்துதல், திருத்துதல், அடங்குதல், அடக்குதல், அதுபோல. நெருப்புப் பரவியது என்றால் எழுவாய் நெருப்பு. நெருப்பைப் பரப்பினான் என்றால் தீப்பந்தம் பிடித்த ஒரு கை வாக்கியத்துக்குள் வந்துவிடுகிறது. ஒரு மெய்யெழுத்து மாறியதும் ஓர் ஆள் அகப்பட்டுக்கொள்கிறான். வைரல் என்ற சொல்லில் அந்த ஆள் தப்பி ஓடிவிடுகிறான். கைப்பேசியில் உள்ள எந்தச் செய்தியும் தானாக நடந்து அடுத்த கைப்பேசிக்குப் போவதில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு விரல் அழுத்துகிறது. ஆயிரம் பேருக்குப் போயிற்றென்றால் இடையில் பற்பல விரல்கள் அழுத்தியிருக்கின்றன என்பதே பொருள்.

இது வெறும் இலக்கணச் சண்டையன்று. 2018-ஆம் ஆண்டு நடந்தவற்றை அன்பர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பிள்ளை பிடிப்போர் வந்திருக்கிறார்கள் என்று கைப்பேசிகளில் ஒரு செய்தி வந்தது. அதோடு ஒரு காணொளி. விசையுந்தில் வருவோர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிச் செல்வதுபோல. அந்தப் படம் எடுக்கப்பட்டது கராச்சி நகரில், குழந்தைகளின் பாதுகாப்பைப் பற்றிப் பெற்றோரை எச்சரிக்கும் விழிப்புணர்வுக்காக. குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு, எழுத்துப் பலகை ஒன்றைக் காட்டும் இறுதிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். வெட்டுண்ட எஞ்சிய பகுதி நம் ஊர்களுக்கு வந்தது. மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டம் போளூர்ப் பக்கம், குலதெய்வக் கோயிலுக்குப் போகும் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த மூதாட்டி ஒருவரை ஊரார் அடித்துக் கொன்றார்கள். அதே மாதத்தில் நாம் வாழும் இந்தப் பெங்களூரில், சாமராசப்பேட்டையில், பிழைப்புத் தேடி இராசத்தானத்திலிருந்து வந்த இளைஞர் ஒருவரைக் கயிற்றால் கட்டி அடித்தே கொன்றார்கள். சூலை முதல் நாள் மகாராட்டிரத்தில் தூலே மாவட்டத்து இரயின்பாடா என்னும் சிற்றூரில், ஊர் ஊராய்ச் சென்று இரந்துண்ணும் நாடோடிச் சமூகத்தார் ஐவர் ஒரே நாளில் மாண்டனர்.

அதன் பிறகு, அம்மாதமே, வாட்ஸப் நிறுவனத்தார் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வரம்பு கட்டினர். வேறிடத்திலிருந்து வந்த செய்தி என்பதைக் காட்டும் ஓர் அடையாளத்தையும் சேர்த்தனர். 2020-இல் மிகப் பலமுறை கை மாறிய செய்திகளை ஒரு முறைக்கு ஓரிடத்திற்கே அனுப்பலாம் என்று மேலும் இறுக்கினர். நன்று. ஆனால் அந்த அடையாளத்தையே இன்று நம்மவர் கேடயமாகப் பிடிக்கிறார்கள். "இது ஃபார்வர்டு செய்திதான், நான் எழுதியதன்று" என்று தலைப்பிட்டுவிட்டே அனுப்புகிறார்கள். ஃபார்வர்டு என்றால் தமக்கு அதில் பங்கில்லை என்பது அவர்கள் கொண்ட பொருள்.

இதற்கு அவர்கள் தபால்காரரை உவமை காட்டுவார்கள். உவமை பொருந்துமா என்று பார்ப்போம். தபால்காரர் கடிதத்தைப் பிரித்துப் படிப்பதில்லை. எதைக் கொடுப்பது, எதை விடுவது என்று தேர்வதில்லை. கொடுப்பது அவருக்குக் கடமை, கொடாதிருத்தல் குற்றம். செய்தியைத் தள்ளிவிடுகிறவரோ படித்துவிட்டே தள்ளுகிறார். வந்த இருபதில் பிடித்த ஒன்றைப் பொறுக்குகிறார். யாருக்கு என்பதையும் தாமே முடிவு செய்கிறார். அனுப்பாவிட்டால் அவரை யாரும் தண்டிக்கப் போவதில்லை. இவர் தபால்காரர் அல்லர்; படித்துப் பார்த்து, பிடித்துப் போய், தம் பெயரில் மறுபடி அஞ்சலில் சேர்ப்பவர்.

'பகிர்தல்' என்ற சொல்லையும் இங்கே சற்று நிறுத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது. சோற்றைப் பகிர்ந்தால் நம் இலையில் குறையும். துணியைப் பகிர்ந்தால் நமக்குக் குளிரும். பகிர்தல் என்ற சொல்லுக்குத் தமிழில் இத்தனை மதிப்பு வந்ததற்குக் காரணம் அதில் கொடுப்பவன் ஏதோ ஒன்றை இழக்கிறான் என்பதே. கைப்பேசியில் பகிர்பவன் எதை இழக்கிறான்? அந்தப் பெண்ணின் இழிவை ஆறு பேர் 'பகிர்ந்தார்கள்' என்று எழுத நம் கை கூசுகிறது. பிறர் பொருளை, அதுவும் பிறர் மானத்தை, எடுத்து விநியோகிப்பதற்கு இந்த ஈகைச் சொல்லா? நாம் 'பரப்பினார்கள்' என்றே எழுதுகிறோம்.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். வினைக்கு மூலம் எண்ணம் என்று நம் வகுப்பில் ஓயாமல் சொல்கிறோமே. துன்புறுத்தும் எண்ணம் அவர்களுக்கு இல்லையென்றால் வினையும் இல்லையன்றோ? இதை நம்மிடம் கேட்டவன் அந்த ஆறு பேரில் இளையவன். கேள்வி நல்ல கேள்வி. நமக்கு அப்போது சட்டென்று விடை சொல்ல இயலாமல் ஒரு வாரம் தவணை வாங்கினோம்.

நாம் கண்டது இதுவாகும். அவர்களுடைய எண்ணம் சிரிக்க வேண்டும் என்பது, அது மெய். எதைக் கொண்டு சிரிப்பது? அவள் நாணத்தைக் கொண்டு. அவள் நாணப்படாவிட்டால் அங்கே சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. கரும்பைப் பிழியாமல் சாறு கேட்பவன் இல்லை. 'சாறு வேண்டும் என்றுதான் எண்ணினேன், பிழிய வேண்டும் என்று எண்ணவில்லை' என்பவனை யார் ஏற்பார்? அதுவும் போகட்டும், முதல் நாள் அறியாமை என்றே கொள்வோம். "எடுத்துவிடுங்கள், அண்ணா" என்ற வரி வந்த நொடியில் அறியாமை தீர்ந்துவிட்டது. அதன் பிறகு செய்தது முழுவதும் தெரிந்தே செய்தது. வாய்க்குற்றங்களைப் பொய், கோள், கடுஞ்சொல், பயனில்சொல் என நான்காகப் பகுப்பது நம் மரபு. இந்தப் பிள்ளைகள் செய்தது அவர்கள் வாயில் பயனில்சொல்லாகப் புறப்பட்டு, அவள் செவியில் கடுஞ்சொல்லாகப் போய்ச் சேர்ந்தது. எங்கே புறப்பட்டது என்பதை மட்டும் பார்த்து எடை போடுவது வசதியான தராசு. அதைக் கையில் வைத்திருப்பவன் எப்போதும் பேசியவனே.

இவ்வளவு சொன்ன பின், மறுபுறத்தையும் சொல்லாவிட்டால் நாம் நடுநிலை தவறியவர் ஆவோம். பெருங்கொடுமைக்குச் சிறு சொல் சூட்டுவது ஒரு பிழையாயின், சிறு உறுத்தலுக்குப் பெருஞ்சொல் சூட்டுவதும் பிழையே. சென்ற ஆண்டு ஒரு பெரியவர், தாம் பார்த்த விழாக் கணக்கில் முந்நூறு ரூபாய்க்குச் சீட்டு இல்லையென்று குழுவில் இளைஞர் கேட்டதை 'இணையவழித் துன்புறுத்தல்' என்று நம்மிடம் முறையிட்டார். "ஐயா, அது துன்புறுத்தல் அன்று, சீட்டு எங்கே என்று சொல்லுங்கள்" என்றோம். அவர் நம்மோடு ஒரு மாதம் பேசவில்லை.

சிரிக்கத் தக்க இந்தச் செய்தி நாடளவில் சிரிக்கத் தகாததாக நடந்ததுண்டு. 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008-இல் செய்த திருத்தத்தால் 66ஏ என்றொரு பிரிவு நுழைந்தது. மிகவும் புண்படுத்துவது, எரிச்சலூட்டுவது, வசதிக்குறைவு உண்டாக்குவது போன்ற சொற்களால் குற்றத்தை வரையறுத்து, மூன்றாண்டு வரை சிறை என்றது. எரிச்சல் யாருக்கு? எவ்வளவு? எவரும் அறியார். 2012 நவம்பரில், மும்பையில் ஒரு தலைவர் மறைந்து நகரம் அடைபட்டிருந்தபோது, பால்கர் என்னும் ஊரில் ஓர் இளம்பெண் அவ்வடைப்பைக் குறித்து முகநூலில் சில வரி எழுதினாள். அவள் தோழி அதற்கு விருப்பக்குறி இட்டாள். இருவரும் கைது செய்யப்பட்டனர். குறியிட்டதற்குக் கைது! ஒரு சட்ட மாணவி உச்ச நீதிமன்றம் ஏறினார். சிரேயா சிங்கால் வழக்கு என்று அது பெயர் பெற்றது. 2015 மார்ச் 24 அன்று நீதிபதிகள் செலமேசுவரும் நாரிமனும் அந்தப் பிரிவு முழுவதையும் நீக்கினர். நீக்கியதற்குச் சொன்ன காரணங்களில் தலையாயது, அச்சொற்களுக்குத் திட்டமான பொருள் இல்லை என்பது. ஒரு நாட்டின் உயர்ந்த மன்றம் சொற்களின் பொருளை அலசி, பொருள் நில்லாத சொல்லால் ஒருவனைச் சிறையிடலாகாது என்றது. சொல்லாராய்ச்சி புலவர்க்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? வியப்பு என்னவென்றால், செத்துப்போன அந்தப் பிரிவின்கீழ் காவல் நிலையங்களில் அதன் பின்னும் வழக்குப் பதிந்து வந்தார்கள் என்பதை 2021-இல் அதே நீதிமன்றம் அறிந்து திகைத்தது.

ஆகவே, எது கருத்து, எது சாடல், எது துன்புறுத்தல் என்பதைச் சொல்லின் காரத்தைக் கொண்டு அளக்க முடியாது. ஆட்சியாளரைக் காரமாகச் சாடலாம், சாடப்பட்டவர் எரிச்சலடையலாம், அது துன்புறுத்தல் ஆகாது. ஒரு மெல்லிய சொல் துன்புறுத்தலாகலாம். 'உன் வீடு எங்கே என்று தெரியும்' என்பதில் ஒரு வசைச்சொல்லும் இல்லை. தாக்கப்படுபவர் அந்த இடத்தை விட்டுப் போக முடிகிறதா, ஒருவரை எத்தனை பேர் சூழ்ந்திருக்கிறார்கள், நிறுத்து என்ற பிறகும் நடக்கிறதா, அவர் செய்ததைப் பேசுகிறார்களா அல்லது அவர் பிறப்பையும் உடலையும் வீட்டாரையும் பேசுகிறார்களா என்று நாம் பார்க்கிறோம். கணக்குக் கேட்கப்பட்ட பெரியவர் இவற்றில் ஒன்றிலும் அகப்படவில்லை. அந்தப் பெண் அனைத்திலும் அகப்பட்டாள்.

சில சொற்களில் பொருளே இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. 'பின்தொடர்தல்' என்பதைப் பாருங்கள். ஒரு நடிகரையோ எழுத்தாளரையோ இணையத்தில் பின்தொடர்கிறேன் என்று பெருமையாகச் சொல்லுகிறோம். அதே தமிழ்ச் சொல்தான், விருப்பமில்லாப் பெண்ணை ஓயாமல் தொடரும் குற்றத்திற்கும் பெயர். 2013-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 354டி என்ற பிரிவாகச் சேர்ந்த அக்குற்றம், 2024 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 78-ஆம் பிரிவாக இருக்கிறது. தெருவில் தொடர்வது மட்டுமன்று. ஒரு பெண் இணையத்தையும் மின்னஞ்சலையும் பயன்படுத்துவதைக் கண்காணிப்பதும் அதில் அடங்கும். இதை நம் இளைஞரிடம் சொன்னபோது ஒருவரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. அவள் எந்நேரம் விழித்திருக்கிறாள் என்று பச்சைப் புள்ளியைப் பார்த்துக் கணக்கு வைத்திருந்ததாக ஒருவன் வெட்கத்தோடு ஒப்புக்கொண்டான்.

'பொதுப் பார்வை' என்ற தொடரும் அப்படியே. பட்டியலினத்தாரையும் பழங்குடியினரையும் பொதுப் பார்வைக்குட்பட்ட இடத்தில் சாதியின் பெயரால் இழிவுபடுத்துவது 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். இணையம் ஓர் 'இடம்' ஆகுமா? ஆகும் என்று கேரள உயர்நீதிமன்றம் 2022-இல் கூறிற்று. பழங்குடிப் பெண்ணொருவரை இழித்துப் பேசிய காணொளி வழக்கில், இணையத்தில் ஏற்றியதை ஒருவர் திறந்து பார்க்கும்போதெல்லாம் அவர் முன்னிலையில் அது நிகழ்வதாகவே கொள்ள வேண்டும் என்று விளக்கி முன்பிணையை மறுத்தது. இதை நாம் வகுப்பில் படித்துக் காட்டியபோது பின்வரிசையில் அமர்ந்திருந்த பெற்றோர் சிலர் இன்னொரு முறை படிக்கச் சொன்னார்கள்.

நடவாத செயலின் பெயரே தீங்காவதும் உண்டு. 2021 சூலையிலும் 2022 சனவரியிலும், இசுலாமியப் பெண்கள் பலருடைய படங்களை அவர்கள் அறியாமல் எடுத்து, 'ஏலம்' என்று தலைப்பிட்டு இணையச் செயலிகளில் வைத்தார்கள். ஏலம் எதுவும் நடக்கவில்லை, பணம் கைமாறவில்லை. ஏலம் என்ற அந்த ஒரு சொல்லே அவர்களுக்குச் செய்யப்பட்ட கொடுமை. வெறும் சொல்தானே என்று இன்னும் கூறுவோர், சந்தையில் தம் மகள் படத்தின்கீழ் அச்சொல்லை வைத்துப் பார்க்கட்டும்.

இச்சொற்களையெல்லாம் தூய தமிழாக்கிவிட்டால் தீர்ந்தது என்பது நம் நண்பர் ஒருவர் கட்சி. ட்வீட்டைக் கீச்சு என்றும், வாட்ஸப்பைப் புலனம் என்றும், பிரௌசரை உலாவி என்றும் அவர் சொல்கிறார். நமக்கு மறுப்பில்லை, உலாவி என்பது அழகிய சொல்லே. சைபர் என்பதற்கும் நல்ல வரலாறு இருக்கிறது. கப்பலோட்டியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1948-இல் நார்பர்ட் வீனர் என்னும் கணித அறிஞர் தம் புதிய துறைக்குப் பெயரெடுத்தார். அதிலிருந்து ஒட்டிக்கொண்டது இந்தச் சைபர். சுக்கானைப் பிடித்தவன் பெயரால் அழைக்கப்படும் வெளியில், சுக்கான் யார் கையில் என்று கேட்டால் எல்லோரும் கையை விரிக்கிறார்கள்! ஆனால் அந்தத் தாயார் நம் வாயிலில் நின்றபோது அவருக்குத் தேவைப்பட்டது கலைச்சொல் அன்று. அவர் முன்பே காவல் நிலையம் போயிருக்கிறார். "என் மகளை ட்ரோல் பண்ணிட்டாங்க" என்றிருக்கிறார். பணியிலிருந்தவர் சிரித்து, "கைப்பேசியை வாங்கி வையுங்கள் அம்மா" என்று அனுப்பிவிட்டார். அவரைக் குறை கூறிப் பயனில்லை. அந்தச் சொல்லைக் கேட்டால் சிரிக்கத்தான் தோன்றும்.

நாம் அவரோடு உட்கார்ந்து அந்தச் சொல்லை நீக்கி எழுதினோம். இன்னார் இன்ன நாளில் என் மகள் படத்தை அவள் அனுமதியின்றி எடுத்தார், வெட்டினார், அதில் இன்ன சொற்களை எழுதினார், இத்தனை பேர் உள்ள மூன்று குழுக்களுக்கு அனுப்பினார், நிறுத்துமாறு அவள் எழுதியதை இன்ன நாளில் பெற்றார், பெற்ற பின்னும் அனுப்பினார். ஒவ்வொரு வாக்கியத்திற்கும் எழுவாய் இருந்தது. ட்ரோல் இல்லை, வைரல் இல்லை. எழுதி முடித்ததும் அதை அவர் இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். "இவ்வளவு நடந்திருக்கிறதா?" என்றார். மறுநாள் அதே நிலையத்தில் அதே அலுவலர் அதை வாங்கிப் படித்து, நாற்காலி போட்டு அமர வைத்துப் பேசினார். இணையக் குற்றங்களுக்கென 1930 என்ற உதவி எண்ணும், புகார் பதிய அரசின் தனித் தளமும் உண்டென்பதையும் அவரே சொன்னார். வழக்கு வேண்டாம், பிள்ளைகள் நம் தெருப் பிள்ளைகள், எச்சரித்தால் போதும் என்பது தாயாரின் விருப்பம். அதில் நாம் தலையிடவில்லை. படமும் அழிக்கப்பட்டது, அவர்கள் கையிலிருந்தது மட்டும்.

ஆறு பேரையும் அடுத்த ஞாயிறு அழைத்து, நடந்ததை ஒரே ஒரு வாக்கியத்தில் எழுதித் தரச் சொன்னோம். மன்னிப்புக் கடிதம் வேண்டாம், வாக்கியம் மட்டும் என்றோம். எளிய காரியம் என்று சிரித்துக்கொண்டே தாளை வாங்கினார்கள். ஒரு மணி நேரம் ஆயிற்று. 'ஒரு காணொளி அனுப்பப்பட்டது' என்று ஒருவன் எழுதினான். 'தவறு நடந்துவிட்டது' என்று ஒருவன். 'எல்லோரும் சேர்ந்து விளையாட்டாக' என்று தொடங்கிய ஒருவன் அதற்கு மேல் எழுதவில்லை. மூத்தவன் தாளை நான்கு முறை மாற்றினான். 'நான்' என்று தொடங்கி, அவள் பெயரையும் எழுதி, 'அனுப்பினேன்' என்று முடித்தவன் ஒருவனே. எண்ணத்தைப் பற்றிக் கேள்வி கேட்டானே, அந்த இளையவன்.

ஆறு தாள்களையும் அவள் தாயாரிடம் கொடுத்தனுப்பினோம். இரண்டு நாள் கழித்து ஐந்து திரும்பி வந்தன. ஒன்றை அவள் வைத்துக்கொண்டாளாம். வகுப்பிற்கு இன்னும் வரவில்லை. அவள் விட்டுச் சென்ற நோட்டுப் புத்தகம் நம் அலமாரியில் இருக்கிறது. நாமோ ஆலையில் உடன் வேலை பார்த்த பழைய நண்பர்களைத் தேடி விசாரித்துக்கொண்டிருக்கிறோம். மூவரைக் கண்டு கேட்டோம். மூவரும் உடனே இரண்டு விரல்களைச் சேர்த்துப் பிரித்துக் காட்டினார்கள். பெயர் ஒருவருக்கும் தெரியவில்லை.